அழுத்தச் சொல்லு, விடச் சொல்லு

அன்புள்ள தங்கைக்கு,

சின்னண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கண் இருக்கிற நிலையில் இதை நீயே படிக்கப் பார்க்காதே, மாப்பிள்ளையைப் படிக்கச் சொல். நடுநடுவே அவர் சிரித்தால் அதட்டு. இது சிரிக்கிற விஷயம் இல்லை. இங்கே பெரியண்ணன், அண்ணி, நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம். மற்றவர்கள் இந்த இடத்தில் 'நலம்' என்று எழுதுவார்கள். இந்த வாரம் என்னால் இவ்வளவுதான் எழுத முடியும்.

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற வீடாக இருந்தால்தான் கண் ஆபரேஷனுக்கு வந்து தங்குவேன், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி பக்கத்தில் லாட்ஜில் அறை எடுத்துக்கொள்வேன், அதுவரை ஆளுக்கொரு பக்கம் போன் பண்ணி என் உயிரை எடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். கண்ணில் கட்டோடு நீ ஏதோ ஒரு லாட்ஜில் தண்ணீர் டம்ளரைத் தடவித் தேடிக்கொண்டு இருக்க, கூடப்பிறந்த இரண்டு பேர் இதே ஊரில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பதா? அண்ணனும் படித்தார். மாடியில் அவர் மூக்கைச் சிந்தியது கீழே எனக்குக் கேட்டது. ஆனால் முதலில் யார் வாயைத் திறப்பது? இரண்டு பேருக்கும் பொதுவான காரை ஷெட்டுக்குள் முகம் சுவரைப் பார்க்க நிறுத்துவதா, தெருவைப் பார்க்க நிறுத்துவதா என்று ஆரம்பித்த சண்டை, நாலு வருஷம் ஓடிவிட்டது. அவர் வாரத்தில் கார் சுவரைப் பார்க்கும், என் வாரத்தில் தெருவைப் பார்க்கும். அதற்கு மட்டும் வாய் இருந்தால் எங்கள் இரண்டு பேரையும் காறித் துப்பியிருக்கும்.

பேச்சு அப்புறம் இருக்கட்டும், ஸ்டேஷனிலிருந்து உன்னைக் கூட்டிவரக் காரையாவது தயார் பண்ணுவோம் என்று நாங்கள் இருவரும் தனித்தனியாக முடிவு செய்தோம். கொஞ்ச நாளாகவே பிரேக் போட்டால் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் விடலாம் என்று நான் அண்ணியிடம் சொன்னேன். அது காதில் விழுந்ததுதான் தாமதம், அண்ணன் ஸ்பேனரோடு மாடியிலிருந்து இறங்கிவிட்டார். உனக்குத் தெரியாததா? லிஃப்ட் கம்பெனியில் இருந்தவர், அதனால் ஏறுவது, இறங்குவது, நிற்பது எல்லாமே தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. அங்கே அவர் போட்டது சம்பளக் கணக்கு என்பதை யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சக்கரங்களைக் கழற்றினார், தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றினார், பிரேக் ஆயில் போகிற குழாய் ஒன்றையும் கழற்றித் துடைத்து மாட்டினார். குழாயைக் கழற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடுமாம், காற்று புகுந்தால் பிரேக் பிடிக்காதாம், அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டுமாம். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே படுத்து ஒரு திருகைத் திறந்து, ஆயிலோடு காற்றை வெளியே விட்டு, திருகை மூடிய பிறகு 'விடு' என்று சொல்ல வேண்டும். மூடுவதற்குள் பெடலை விட்டால் போன காற்று அப்படியே திரும்பி வந்துவிடும். அதாவது தங்கச்சி, பேசிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை!

நான் சீட்டில், அண்ணன் தரையில். என் மருந்துக் கடையிலிருந்து குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்றை, ஆயில் சிந்தாமல் இருக்க, அண்ணி கையில் கொடுத்தனுப்பியிருந்தேன். அண்ணி ஷெட் வாசலில் முக்காலி போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "அழுத்தச் சொல்லு" என்பார் அண்ணன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கதவுதான், அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். ஆனால் கேட்கக் கூடாதல்லவா? "தம்பி, அழுத்தணுமாம்" என்பார் அண்ணி. அழுத்துவேன். "பிடிச்சுக்கச் சொல்லு." "பிடிச்சுக்கணுமாம்." "விடச் சொல்லு." "விடலாமாம்." முதல் சக்கரம் இப்படி ஒழுங்காகத்தான் முடிந்தது. இரண்டாவது சக்கரத்தின்போது மாடியில் குக்கர் விசில் அடித்தது. அண்ணிக்கும் பொறுமை என்று ஒன்று உண்டே. "தம்பி, அழுத்தி, பிடிச்சு, விடணுமாம். மூணையும் சேர்த்துச் சொல்லிட்டேன், அவர் போதும்ங்கிற வரைக்கும் அதையே பண்ணிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்த உத்தரவை வந்தபடி செய்தேன். அழுத்தினேன், பிடித்தேன், விட்டேன். "ஐயையோ, விடறானே, விடறானே! இருக்கச் சொல்லு!" என்று அண்ணன் கத்தியது என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அது அண்ணியிடம் சொன்னது. அண்ணி மாடியில்.

அண்ணி வந்து சேர்வதற்குள் வந்த ஆத்திரத்தில் மீதிச் சக்கரங்களையும் ஒரு வழி பண்ணிவிட்டு அண்ணன் எழுந்தார். அப்போதுதான் திரும்பி வந்த அண்ணியிடம், "பெடல் எப்படியிருக்குன்னு கேளு" என்றார். மிதித்து மிதித்து அதற்குள் கெட்டியாகத்தான் இருந்தது. "கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க அண்ணி" என்றேன். காற்று இருக்கிற பெடல்கூட விடாமல் மிதித்தால் கெட்டியாகிவிடும், கொஞ்சம் ஆறப்போட்டால் பழையபடி தொளதொளவென்று ஆகிவிடும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பினோம். நான் ஓட்ட, என் ஓட்டுதலில் நம்பிக்கையில்லாத அண்ணன் பக்கத்தில் உட்கார, எங்களுக்குள் சொல்லிக் கேட்க அண்ணி பின்சீட்டில். நம் தெரு இறக்கம்தான் உனக்குத் தெரியுமே, கீழே போய் நேராக பஸ் போகிற ரோட்டில் முட்டும். பாதி இறக்கத்தில் காலை வைத்தேன். பெடல் தரையோடு தரையாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

"அண்ணி, பிரேக் பிடிக்கலேன்னு சொல்லுங்க!"

"ஏங்க, பிரேக் பிடிக்கலையாம்!"

"விடாம மிதிக்கச் சொல்லு!"

"தம்பி, விடாம... அட, நாசமாப் போறவங்களா! சாகிற நேரத்துலயாவது நேரா பேசித் தொலைங்களேன்!"

அப்போதுதான் தங்கச்சி, அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "டேய் மடையா! ஹேண்ட் பிரேக்கை இழுடா!" என்றார். இழுத்தேன். அது பாட்டுக்கு லொடலொடவென்று மேலே வந்தது. "ஒண்ணும் ஆகலையே அண்ணா!" என்று அலறினேன். "ஐயோ, அந்தக் கேபிளை நான்தான்டா கழட்டினேன், மாட்ட மறந்துட்டேன்! கியரைக் குறை! ரெண்டுல போடு! இப்ப ஒண்ணு! அதோ மணல், மணல்ல விடு, விடுடா!" முனையில் வீடு கட்டுகிறார்களே, அவர்கள் கொட்டி வைத்திருந்த மணல் மேட்டில் கொண்டுபோய்ச் சொருகினேன். கார் முன்பாதி புதைந்து நின்றது. பஸ் ஒன்று எதிரே ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. கீழே குனிந்து பார்த்தால் அண்ணனுடைய கை என் நெஞ்சுக்குக் குறுக்கே இருந்தது. நான் முன்னால் போய் இடித்துக்கொள்ளாமல் இருக்க, தன்னைப் பிடித்துக்கொள்ளாமல் என்னைப் பிடித்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மடையன் என்று என்னை உரிமையோடு கூப்பிட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்?

கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். திருகைப் பார்த்துவிட்டு, "இதை ரெண்டு பேர் சேர்ந்து பண்ணினீங்களா?" என்று கேட்டார். "மூணு பேர்" என்றார் அண்ணி, கோபம் ஆறாமல். இப்போது பிரேக் தொட்டால் நிற்கிறது. அன்று சாயங்காலம் அண்ணன் கீழே இறங்கி வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டம்ளரில் காபி குடித்து, என் கடையில் வியாபாரம் எப்படி என்று என்னிடமே கேட்டார். ஆகவே உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. லாட்ஜுக்குச் சொல்லியிருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடு. கீழ் அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறேன், வெளிச்சம் கண்ணில் படாமல் திரைகூடப் போட்டாயிற்று. இரண்டு பேருமே ஸ்டேஷனுக்கு வருவோம்.

கண்ணைக் கசக்காதே, சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். எந்தக் குறையும் இல்லாமல் பார்வை திரும்பி, எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் நீ தெளிவாகப் பார்த்துத் திட்ட வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

உன் சின்னண்ணன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டினேன், தப்பாகப் போயிற்று. அந்தக் கை என்னைப் பிடிப்பதற்காக நீட்டியது இல்லையாம், நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன் என்று நினைத்து அதைப் பிடிக்கத்தான் நீட்டினாராம், நடுவில் நான் இருந்துவிட்டேனாம். நீங்கள் சொல்வது பொய் என்றேன். "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். ஆனால் ஒன்று, இந்தத் தடவை அண்ணியிடம் சொல்லி அனுப்பவில்லை, நேராக என்னிடமே சொன்னார். நான் முகவரி எழுதுவதற்குள் மறுபடி இறங்கி வந்து, "பேச மாட்டேன்னு சொன்னேன்ல, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இதெல்லாம் பேச்சுக் கணக்கில்தான் சேரும் என்கிறார் அண்ணி. நீ டிக்கெட் போட்டுவிடு.