மூன்றாவது வளைவுக்கு அந்தப் பக்கத்துச் சம்பந்தம்

பெரிய மச்சான் அவர்களுக்குத் தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம், சமையலறைச் சுவர் நீங்கலாக. அங்கு தாங்களும் தங்கள் சுவர்களும் நலமாயிருக்க விழைகிறேன்.

நம் பட்டாளத்துக்காரன், அதாவது தங்கள் மருமகன், தனக்குத் தானே பெண் பார்த்துவிட்டான். பழைய கல் பாலத்தைச் செப்பனிட அவன் படைப்பிரிவை அனுப்பினார்கள் அல்லவா, அதன் மூன்றாவது வளைவுக்குள் விரிசல் பார்க்க நுழைந்தவன் அந்தப் பக்கம் வெளியே வந்தால் எண்ணூறு வருடத்துக்கு முந்தைய காலம், அங்கே அதே பாலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், சாரத்தில் நின்ற கொத்தனார் மகள் "யாருய்யா அது, மிதிக்காதே, இன்னும் காயல!"ன்னு கத்த, இவன் "நீங்க கட்டினது விரிசல் விட்டுடுச்சு"ன்னு சொல்ல, மூன்று நாள் சண்டை போட்டுக் காதலித்துவிட்டார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு கையோடு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான்.

வந்தவள் சமையலறைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "மாமா, இது நிக்காது" என்றாள். முப்பத்தொரு வருடம் கட்டட அனுமதி அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். "நானே கையெழுத்துப் போட்ட சுவரும்மா" என்றேன். "கையெழுத்து கூரையைத் தாங்குமா மாமா?" என்றாள். மறுநாள் சுவர் தட்டுமுட்டுச் சாமானோடு விழுந்தது. அவளே புதிதாகக் கட்டியும் கொடுத்துவிட்டாள்.

தங்கள் தங்கைதான் முரண்டு பிடிக்கிறாள். "நம்ம பையனைவிட எண்ணூறு வயசு மூத்தவ, நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?" என்றாள். பெண்ணுக்கு இருபத்திரண்டுதான் என்று நான் விளக்கினால், "பெத்தவங்களைப் பார்க்காம நான் சம்மதிக்க மாட்டேன்" என்கிறாள். அந்தப் பெண்ணோ, "அத்தை மனசு வைக்கலன்னா நான் எங்கப்பாகிட்டயே போயிடறேன்" என்கிறாள். வியாழக்கிழமை அந்த வளைவைக் கான்கிரீட் போட்டு அடைக்கப் போகிறார்கள், அப்புறம் போக்குவரத்தே கிடையாது, பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நான் வாயைத் திறந்தால், "சுவரையே பார்க்கத் தெரியாத உங்களுக்கு என்ன தெரியும்?" என்று தங்கள் தங்கை அடைத்துவிடுகிறாள். தங்கள் பேச்சைத்தான் கேட்பாள். போனில் பேசினால் பக்கத்தில் வந்து நிற்கிறாள், ஆகையால் கடிதம். தயவுசெய்து புதன்கிழமைக்குள் வந்து சேரவும்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. எதற்கும் தங்கள் வீட்டுச் சுவரையும் ஒருமுறை தட்டிப் பார்க்கவும்.

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் தங்கள் தங்கை, "ஒரு எட்டு அவங்க வீட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று இருவரோடும் வளைவுக்குள் போய்விட்டாள். பையன் மட்டும் திரும்பி வந்து, பட்டாளத்துக்கு வேலையை விடுவதாக எழுதிப் போட்டுவிட்டு, தன் அம்மா கொடுத்த சீட்டை நீட்டினான். "நல்ல மனுஷங்க. சம்மதிச்சுட்டேன். நாம இங்கயே இருந்துடலாம். பாலம் ஒரு பக்கமா சாயுது, சொன்னா சம்பந்தி ஒத்துக்க மாட்டேங்கிறார். சாய்வு பார்க்கற உங்க ரசமட்டத்தை எடுத்துக்கிட்டு வாங்க. நீங்க இல்லாம எனக்கு இங்க இருப்புக் கொள்ளல." கட்டட விஷயத்தில் அவள் என்னை நம்பிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. கிளம்பிவிட்டேன். இது தங்கள் கைக்கு வரும்போது நாங்கள் எல்லோரும் செத்துப் பல நூறு வருடம் ஆகியிருக்கும். துக்கம் விசாரிக்க அவசரப்பட வேண்டாம்.