நாற்காலிக்காரர் போட்ட தோட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வரையில் தோட்டம் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் அனைவரும் மண்வெட்டியோடு வருவார்கள். நாற்காலியோடு வந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் என்று நான் துணிந்து கூறுவேன்.

அவருடைய இயற்பெயரை அவர் மனைவியாவது அறிந்திருப்பாரா என்பது ஐயமே. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பின்புறத் தெரு ஒன்றில் குடியிருப்பவர். மொபெட்டின் பின்னால் இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றைச் சைக்கிள் டியூபால் இறுகக் கட்டிக்கொண்டு வருவார். ஆகவே இரண்டு ஊர்களிலும் அவர் நாற்காலிக்காரர் ஆனார்.

தோட்டம் போட அழைத்தால் அவர் மண்ணைப் பார்க்கமாட்டார். தண்ணீரைப் பற்றி விசாரிக்கமாட்டார். நாற்காலியை விரிப்பார், தலையில் துண்டைப் போடுவார், உட்காருவார். காலையில் ஓரிடம், உச்சியில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று இரண்டு மூன்று நாட்கள் இந்த உட்காருதல் நடைபெறும்.

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்த முதல் நாளிலேயே என் மனைவி பொறுமையிழந்தாள்.

"என்ன தம்பி, காப்பி மூணு தடவ ஆச்சு. எப்பத்தான் தோண்டுவீங்க?"

"செத்த இருங்க மதினி. நின்னுக்கிட்டே போட்ட தோட்டத்துல பொறவு நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும். உக்காந்து போட்டாத்தான் உக்கார முடியும்."

அவள் நான்காவது காப்பியில் சர்க்கரையைக் குறைத்தாள்.

இவருடைய கீர்த்திக்கு ஒரு சான்று கூறுகிறேன். தென்காசி சாலையில் கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர், மன அமைதி வேண்டி, கொல்லையில் நீரூற்றும் அன்னப்பறவைச் சிலைகளும் அமைக்கச் சொன்னார். நாற்காலிக்காரர் மூன்று நாள் உட்கார்ந்தார். பிறகு, அந்த வீட்டு வெள்ளை நாய் மத்தியானம் எங்கே படுக்கிறதோ அங்கே ஒரு கல் பெஞ்சைப் போட்டு, பக்கத்தில் இரண்டு செம்பருத்தியை நட்டு, வேலை முடிந்ததென்று கிளம்பிவிட்டார்.

"நான் அன்னம் கேட்டேன், நீ நாயக் கேட்டு வேல செஞ்சிருக்கியே" என்று வியாபாரி குமுறினாராம்.

"இந்த வீட்ல நிம்மதியாப் படுக்குறது அது ஒண்ணுதான மொதலாளி. அதக் கேக்காம யாரக் கேக்க?"

அந்தப் பெஞ்சில் கொல்லை முழுவதிலும் கிடைக்காத காற்று கிடைத்தது உண்மை. நாய் இடம் கொடுத்தால் வியாபாரியும் அதில் அமர்வதுண்டு.

இத்தகைய மனிதரை நான் ஏன் அழைத்தேன் என்பதைச் சொல்லவேண்டும். நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன் நான். இரண்டு கண்களிலும் புரை வளர்ந்து, வீட்டுக்கு வந்த மின்கணக்கெடுப்பாளரை என் மைத்துனர் என்று எண்ணிக் கைபிடித்து அழைத்துச் சென்று இலை போட்டு உட்காரவைக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அவரும் நல்லவர், ரசம் வரை மறுக்கவில்லை. நாளிதழின் தலைப்புகூடத் தெரியவில்லை. அறுவைக்குச் சென்றால் இரத்த அழுத்தம் எகிறி நின்றது. "இது எறங்காம நான் கண்ணத் தொடமாட்டேன். ரொம்பவும் தள்ளிப்போடக் கூடாது. வீட்ல அமைதியா ஒரு இடத்துல உக்காந்து பழகுங்க" என்றார் கண் மருத்துவர்.

அமைதியான இடம் எதுவென்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் கொல்லையின் கிழக்குச் சுவருக்கு அந்தப்புறம் தறிக்கூடம். பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் காலை முதல் தடதடத்துக்கொண்டே இருக்கும். நீளமான கொல்லை; தறிச் சத்தம் எட்டாத மேற்கு மூலையை ஒட்டித் தென்னந்தோப்பு. அங்கே தேங்காய் விழுந்தால்தான் சத்தம்.

"மேக்கால போடுங்க தம்பி" என்றேன்.

"மேக்கால நல்ல நெழலுதான் அண்ணாச்சி. ஆனா உங்களுக்குச் சரி வருமான்னு இன்னும் ரெண்டு நாளு உக்காந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

"உக்காந்தது போதும்" என்று நான் மேஸ்திரிக் குரலில் ஆணையிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வேலையைத் தொடங்கினார். நந்தியாவட்டை, பவளமல்லி, ஓரமாகத் துளசி, நடுவே எனக்கொரு சாய்வு நாற்காலி. குறை சொல்ல முடியாத வேலை.

மறுநாள் காலையில் அமைதியை அனுபவிக்க அமர்ந்தேன். ஒரு சருகு விழுந்தது; திடுக்கிட்டேன். அணில் ஒன்று தாவியது, எழுந்து நின்றுவிட்டேன். ஒன்றுமே நிகழாதபொழுது இன்னும் மோசம். என்ன நிகழப்போகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்தான் தெரியவில்லை, காது கூர்மையாக இருந்தது. இரண்டு வாரம் விடாமல் இவ்வாறு அமைதியில் அமர்ந்துவிட்டு மருத்துவரிடம் சென்றேன். அழுத்தம் முன்னிலும் ஏறியிருந்தது.

"என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

"ஓய்வெடுத்தேன்" என்றேன்.

"அத மொதல்ல நிறுத்துங்க" என்றார்.

இனி என் கண்ணுக்கு வெளிச்சம் இவ்வளவுதான் என்று அன்று பேருந்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செய்தி எப்படியோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எட்டி, மறுநாளே மொபெட் வந்து நின்றது. இம்முறை நாற்காலிக்காரர் தோட்டத்தைப் பார்த்து உட்காரவில்லை. என்னைப் பார்த்து உட்கார்ந்தார். மேற்கு மூலையில் நான் துள்ளித் துள்ளி விழுவதை அரை நாள் பார்த்தார். நான் சலித்துப்போய், சாப்பாட்டுக்கு அழைக்கும்வரை இருக்கலாமென்று கிழக்குப்புறப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

விழித்தபொழுது நான் கொல்லை நடுவே நின்றுகொண்டிருந்தேன். காலில் செருப்பில்லை. எதிரே மங்கலாக நாற்காலிக்காரர்.

"எங்கன ஓடுதீக அண்ணாச்சி?"

"தெரியலையே."

"மணி ஒண்ணு. சாப்பாட்டுக்குத் தறிய நிறுத்திட்டாக. அதுவரைக்கும் அந்தத் தடதடப்புல பச்சப்புள்ள மாதிரி ஒறங்குனீக. சத்தம் நின்ன மறுநொடி எந்திரிச்சு ஓடியாரீக." அவர் நாற்காலியை மடக்கினார். "மில்லுல மெஷினு நின்னா யாரு ஓடணும்?"

"மேஸ்திரிதான் ஓடணும்" என்றேன்.

"முப்பத்திநாலு வருசம் அப்படித்தான ஓடுனீக. உங்களப் போயி சத்தமே இல்லாத எடத்துல உக்கார வச்சா, நாளு பூரா மெஷினு நின்ன மாதிரிதான இருக்கும்? அன்னைக்கே நான் இன்னும் ரெண்டு நாளு உக்காந்திருக்கணும். தப்பு எம்மேலதான்."

ஆணையிட்டவன் நான், தப்பைத் தலையில் போட்டுக்கொண்டவர் அவர். அன்று மாலையே தோட்டம் இடம் பெயர்ந்தது. வேரோடு மண்ணோடு ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தறிச்சுவரோரம் நட்டார். என் சாய்வு நாற்காலி சுவரை ஒட்டியே போடப்பட்டது.

"எம் பக்கத்துல படுத்தா ஒறக்கம் வரலையாம், தறி பக்கத்துல வருதாம்" என்று என் மனைவி சமையலறையிலிருந்தே கூறினாள். "நானும் தடதடன்னு இருந்திருக்கணும் போல."

"இப்ப மட்டும் என்ன மதினி கொறச்சல்?" என்றார் நாற்காலிக்காரர். அன்று மாலைக் காப்பியில் சர்க்கரையே இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

பத்து நாளில் அழுத்தம் இறங்கியது. மருத்துவர் இருமுறை அளந்து பார்த்து, "இப்ப என்ன பண்ணுதீங்க?" என்றார். "தறிச் சத்தத்துல ஒறங்குறேன்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அறுவைக்குத் தேதியை மட்டும் எழுதினார்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, நான் முதன்முதலாக என் தோட்டத்தைப் பார்த்தேன். அதுவரை எனக்கு அது வெறும் பச்சை மூட்டம். நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பவளமல்லியின் காம்பு எவ்வளவு சிவப்பு என்பதைக் கண்டு, குனிந்து ஒரு பூவைக் கையில் எடுத்தேன். அதன் பின்னரே கவனித்தேன்: என் நாற்காலிக்கு எதிரில் அவருடைய இரும்பு நாற்காலி விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் காலில் சைக்கிள் டியூப் சுற்றியபடி இருந்தது.

அலைபேசியில் அழைத்தேன். "மறந்து போட்டுட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. அந்தப் பக்கம் வாரப்போ எடுத்துக்கிடுதேன்" என்றார்.

மனைவி பெயரை மறந்தாலும் அந்த நாற்காலியை மறக்கக்கூடிய மனிதர் அல்லர் அவர். இப்பொழுதும் வாரம் ஒருமுறை அதை எடுத்துப்போக மொபெட்டில் வருகிறார். சர்க்கரை போட்ட காப்பியே அவருக்குக் கிடைக்கிறது. மணி ஒன்றுக்குத் தறி நிற்கும்வரை என் எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, நாற்காலியை எடுக்க மறந்து போய்விடுகிறார்.

நானும் நினைவூட்டுவதில்லை.