ஆறு பூ முக்காடு

தெரியாத விஷயம் என்றால்தான் என் குரல் கணீரென்று வரும். (கண்டுபிடித்தவர் என் கணவர்.)

கலியாணமாகி எத்தாளை என்ற ஊருக்கு வந்த புதிது. எங்கள் வீட்டார் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து பாலாவியில் குடியேறியவர்கள். அதனால் புகுந்த வீட்டில் எனக்குப் பெயரே ‘மன்னார்ப் புள்ள’தான். நானும் இந்தக் குடும்பத்து ஆள் என்று காட்டியே தீர வேண்டும் என்ற வெறியில், பள்ளிக்கூடத்துப் பாரம்பரிய உடைக் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

மாமி வெளியே போன நேரம் அலுமாரியைக் கிளறினேன். வட்டமான வெள்ளைச் சீலை, ஓரத்தில் சிவப்பு நூலில் தைத்த ஆறு பூ. கலியாண முக்காடு என்று நானே முடிவுகட்டினேன். (யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் என் அறிவுக்கு என்ன மரியாதை?)

அதைத் தலையில் போட்டு, ஊசி குத்தி, மேடையேறினேன்.

“இந்த ஆறு பூக்களும் ஈமானின், அதாவது நம் இறைநம்பிக்கையின், ஆறு அம்சங்களைக் குறிக்கும்!”

அதிபர் குறிப்பெடுத்தார். முன்வரிசையில் மாமி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னும் ஐந்து நிமிடம் நீட்டினேன். மாமியின் தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

“புள்ள, அது சஹன் மூடுற சீலை! ஆறு பேர் சுத்தி இருந்து தின்னுற தட்டுக்கு ஆறு பூ. ஒரு பூவுக்கு ஒராள்!”

மண்டபமே சிரித்தது. “நெய்ச்சோறு மணக்குதா?” என்று ஒரு குரல். வெட்கத்தில் நான் வெடுக்கென்று இழுக்க, ஊசி மாட்டி ஒரு பூ கிழிந்தே போனது. மாமியின் சிரிப்பும் அதோடு நின்றது. அது அவருடைய கலியாண விருந்தில் சோறு மூடிய சீலை.

அன்று பின்னேரமே அழுதழுது தைத்தேன். வீட்டில் சிவப்பு நூல் இல்லை, பச்சைதான் இருந்தது. மாமி அந்தப் பச்சைப் பூவை வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“அழாத. இது உன்ட வாப்பா இருக்கிற இடம்.”

அன்றிலிருந்து எந்த விருந்திலும் பச்சைப் பூவுக்கு நேரே வாப்பாதான். வேறு யாராவது உட்கார்ந்தால், “எழும்புங்க, அது மன்னார்” என்று பிள்ளைகள் விரட்டுவார்கள்.

போன மாதம் இன்னொரு கண்காட்சி. ஒரு இளம்பெண் புதிதாகத் தைத்த சஹன் சீலையை விரித்தாள். ஐந்து சிவப்பு, ஒன்று பச்சை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏன் ஒண்டு மட்டும் பச்சை?”

“அதுதான் எங்கட ஊர்ப் பழைய முறை” என்றாள், மேடையில் நான் நின்ற அதே தைரியத்தோடு.

பக்கத்தில் நின்ற மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“ஓம் மகள், சரியாத்தான் தைச்சிருக்கிறீங்க.”