ரசக் கரண்டிக்கு ஒரு மாற்றாள்

பந்தி நாடு என்று ஒரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம். வரைய வந்தவர் அங்கே சாப்பிட உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. வெளியூர் விருந்தாளிகளுக்கு இலை போட்டே அந்நாட்டின் கஜானா நிரம்பியது. ஆகவே, விருந்தாளியே தெய்வம் என்று கோட்டைச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். பரிமாறுகிறவர் யார் என்று எழுதச் சுவரில் இடம் போதவில்லை.

தில்லைக்கண்ணு அங்கே ரசம் ஊற்றுகிறவள். அன்றைக்குக் கரண்டி பிடித்தவருக்குத்தான் சாயங்காலம் ஒரு சட்டிச் சோறு என்பது நாட்டு வழக்கம். அந்தச் சட்டியை எதிர்பார்த்து அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருமுறை கரண்டியைத் திருப்பிக் கொடுத்தவருக்கு அது மறுபடி கிடைத்ததாகச் சரித்திரமும் இல்லை.

ஒருநாள் சாம்பார் ஊற்றும் அங்கமுத்து ஒரு தூதரின் அப்பளத்தின் மேல் தும்மிவிட்டார். மறுநாளே விருந்தோம்பல் மந்திரி வாகீசபூபதி மேடை ஏறினார்.

“நோயோடு பந்திக்கு வருவது ராஜத் துரோகம். இனி உடம்பு சரியில்லாதவர்கள் தாராளமாக வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.”

கைதட்டல் ஓயவில்லை. அதற்குள்ளேயே மந்திரி அடுத்த வரியையும் வாசித்து முடித்தார்: “படுக்குமுன் தனக்கொரு மாற்றாளை, படுப்பவரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.”

மழைக்காலம் வந்தது. தில்லைக்கண்ணுக்குக் காய்ச்சல். அங்கமுத்துவிடம் போனாள்.

“அண்ணே, நாளைக்கு மட்டும் என் கரண்டியப் புடிங்களேன்.”

“ஒரு கையில சாம்பாரு, ஒரு கையில கூட்டு. கூட்டுக்காரி மாத்தாள் இல்லாமப் படுத்துட்டா, அவ கரண்டி போச்சு, எங்கிட்ட வந்துருச்சு. உன்னோடத வேணா வாயில கவ்விக்கிடவா தாயி?”

“வேணாம்ண்ணே. ரசத்துல உங்க மீசை வந்துரும்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு அவளே போய் நின்றாள். அரண்மனை வைத்தியர் கையைத் தொட்டுப் பார்த்து, “இது காய்ச்சல் இல்லை. ரசத்தின் சூடு உடம்பில் ஏறியிருக்கிறது” என்றார். மந்திரி அதையும் ஆணையாக்கினார். இருமல் சத்தம் கேளாதிருக்கப் பந்தியில் மேளம் வைத்தார். குளிரில் நடுங்குகிறவர்களைப் பொரியலுக்கு மாற்றினார். இலையில் பரவலாக விழுமாம்.

பந்தியில் முதல் இலை எப்போதும் மகாராஜாவுக்கு. ஆகவே ரசச்சூடு அவருக்கும் ஏறியது. பல நாள் படுத்தே கிடந்தார். பிறகு மந்திரி வந்து குனிந்தார்.

“சட்டப்படி மகாராஜா ஒரு மாற்றாளை...”

“என் இடத்துக்கு எவன் வருவான்?” என்றார் மகாராஜா.

சொல்லி வாய் மூடவில்லை. கோட்டை வாசலிலிருந்து பூக்கடைத் தெரு தாண்டி வரிசை நின்றது. முதல் ஆள் மந்திரிதான், கையில் சொந்த மெத்தையோடு. மகாராஜா கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அரியணையில் உட்கார்ந்தார். பல் தந்தியடித்தது. இலையையும் அங்கேயே போடச் சொன்னார்.

தில்லைக்கண்ணு ரசத்தோடு வந்தாள். அவள் கை பட்டுச் சுடவே அவர் மெதுவாகக் கேட்டார்: “இவ்வளவு காய்ச்சலோடு ஏன் வந்தாய்? வீட்டில் கிடந்தால் என்ன?”

“மகாராஜா ஏங்க எந்திரிச்சு வந்தீங்க?”

அவர் திரும்பி மந்திரியின் மெத்தையைப் பார்த்தார். ‘அவருக்குப் புரிஞ்சிருச்சு’ என்று அன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னாள்.

புரிந்துதான் இருந்தது. மறுநாள் முரசு அறைந்தார்கள்:

“மகாராஜா படுத்திருந்த நாட்களில் நாட்டில் ஒரு வேலையும் நிற்கவில்லை என்று தெரியவருவதால், அரியணைக்கு இனி மாற்றாள் வேண்டாம். அவர் எத்தனை நாளும் ஓய்வெடுக்கலாம். ரசம் ஒரு வேளை நின்றாலும் பந்தி குலைந்துவிடும் என்பதால், மற்றவர்களுக்குப் பழைய சட்டமே.”

தில்லைக்கண்ணு முழுவதையும் நின்று கேட்டாள். பிறகு நேரே, இன்னும் கலையாமல் நின்ற அந்த வரிசைக்குப் போய், மந்திரியின் முன்னால் கரண்டியை நீட்டினாள்.

“மாத்தாளா நிக்கத்தான வந்தீங்க? இந்தாங்க சாமி. புடிங்க.”

அவ்வளவு நீள வரிசை எந்தச் சந்தில் புகுந்து மறைந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மெத்தை மட்டும் மழையில் நனைந்து கிடந்தது.

பந்தி மணி அடித்தது. அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் பக்கம் போனால் ரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். இப்போதும் சூடு குறையாமல்தான் ஊற்றுகிறார்கள்.