மாடி ரூமுக்கு ஒரு மாங்காய்ப் பூட்டு

இனிமே பொண்டாட்டிகிட்ட சண்டை போடுறதில்ல, செஸ் ஆடுறதுன்னு முடிவு பண்ணேன்.

கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சத்தம் போட்டு ஜெயிச்சதாச் சரித்திரமே கிடையாது. நான் சத்தம் போட்டா புவனா அதைவிடப் பெருசாச் சத்தம் போடுவா. கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் படுத்தா, "நல்லதாப் போச்சு, காலைக்கு ஆச்சு"ன்னு கொழம்பை எடுத்து ஃபிரிட்ஜில வச்சிருவா. சரி, மூளையைப் பயன்படுத்திப் பாப்பமேன்னு தோணுச்சு. லேட்டாத் தோணுனாலும் தோணுச்சுல்ல.

விசயம் மாடி ரூம். அதுல வாடகைக்கு இருந்த பையன் கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சுக் காலி பண்ணிட்டான். நல்ல காத்து வரும். அங்க ஒரு செஸ் மன்றம் ஆரம்பிக்கணும்ங்கிறது என் ரொம்ப நாள் ஆசை. பேரு கூட வச்சுட்டேன்: திண்டுக்கல் பொன்னுத்துரை சதுரங்க மன்றம். பொன்னுத்துரைங்கிறது நான்தான். லாரி புக்கிங் ஆபீஸ்ல வேலை, மூளை எல்லாம் செஸ்ல.

புவனா சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை வாட்ஸ்ஆப்ல விக்கிறா. கட்டில் மேல சேலை, டிவி மேல சேலை, ஃபிரிட்ஜ் மேல சேலை. நான் உக்காரணும்னா முதல்ல ஒரு சேலைக்கட்டை எந்திரிக்கச் சொல்லணும். மாடி ரூம் கடைக்கு வேணும்னு அவ கேட்டா. ஞாயித்துக்கிழமை வண்டியில போயி சின்னாளப்பட்டியிலேருந்து சேலை மூட்டையை எடுத்தாந்து குடுங்கன்னும் கேட்டா. ரெண்டுக்கும் என் பதில் ஒண்ணுதான்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு செஸ்."

"பஸ்ல மூட்டையைத் தூக்கிட்டு ஏறி எறங்கி என் தோளு போச்சுங்க."

"செஸ்ஸுன்னா செஸ்."

சனிக்கிழமை முதல் மூவ் வச்சேன். கடைத்தெருவுல, எங்க ஊருக்கே பேர் வாங்கிக் குடுத்த மாங்கா வடிவ மாங்காய்ப் பூட்டா ஒண்ணு வாங்கினேன். செஸ்ல ராஜாவை மூலைக்குக் கொண்டு போயி, பக்கத்துல யானையைக் காவலுக்கு நிறுத்துவோம். என் ராஜா மாடி ரூம், யானை இந்தப் பூட்டு. உள்ள என் செஸ் போர்டை வச்சேன், பூட்டுனேன், சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன். பூட்டு வந்த அட்டைப்பெட்டியைக் குப்பைக்கூடையில போட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை திறப்பு விழான்னு வீட்டுல அறிவிப்பும் குடுத்தேன்.

புவனா பூட்டைப் பாத்தா. என்னைப் பாத்தா. "சரிங்க"ன்னா.

மறுநாள் எதிர்வீட்டு சூசைராஜ் வந்தார். மன்றத்துக்கு என்னை விட்டா அவர் ஒருத்தர்தான் உறுப்பினர். அவருக்கு செஸ் பிடிக்காதுங்கிறது ஒரு சின்னக் குறை. அவர் ஆடுறது போக்கர். காசு கிடையாது, புளியங்கொட்டை வச்சு ஆடுவார். அதே நேரத்துக்கு சேவுகம்பட்டியிலேருந்து என் மச்சினன் சிவபிரகாஷும் முருங்கைக்கா கட்டோட வந்து சேந்தான். அவன் ஆடுறது கம்ப்யூட்டர்ல. ரியல் டைம் ஸ்ட்ராட்டஜியாம்.

எந்த ஆட்டத்துக்கு ஆழம் அதிகம்னு பேச்சு வந்துச்சு. வராம இருக்குமா? நான்தான் இழுத்துவிட்டேன்.

"செஸ்ல அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்ல. எல்லாமே போர்டு மேல இருக்கு. தோத்தா சீட்டு சரியில்லைன்னு சாக்குச் சொல்ல முடியாது. பத்து மூவ் தள்ளி யோசிக்கணும். அதான்யா ஆழம்"ன்னேன்.

"எல்லாம் கண்ணுக்குத் தெரியுதுன்னா அப்புறம் என்னய்யா ஆழம்? தொட்டித் தண்ணி மாதிரிதான அது?" சூசைராஜ் கேட்டார். "போக்கர்ல எதிராளி கையில என்ன இருக்குன்னே தெரியாது. நல்ல சீட்டு வச்சிருக்கவன் பயந்து கீழ வச்சிருவான். ஒண்ணுமில்லாத பய அள்ளிட்டுப் போவான். மனுசன் மூஞ்சியப் படிக்கணும்யா."

"ரெண்டு பேரும் ஒண்ணை மறந்துட்டீங்க மாமா"ன்னான் சிவபிரகாஷ். "எங்க ஆட்டத்துல முறையே கிடையாது. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணுன்னு யாரும் காத்திருக்க மாட்டாங்க. ஒரே நேரத்துல வெறகு வெட்டணும், வெள்ளாமை பாக்கணும், வீடு கட்டணும், படை சேக்கணும். நீங்க கன்னத்துல கை வச்சு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எதிரி உங்க வாசல்ல நிப்பான்."

"அது அவசரம்டா. ஆழம் இல்ல"ன்னேன்.

"இன்னொண்ணு இருக்கு மாமா. மேப்பு பூரா கறுப்பாத்தான் கிடக்கும். ஒரு ஆளை அனுப்பி வேவு பாத்தாத்தான் அங்க என்ன நடக்குதுன்னு தெரியும்."

"எனக்கு எதுக்கு வேவு? எனக்குத்தான் எல்லாம் தெரியுதே!"

டீ கொண்டாந்த புவனா செத்த நேரம் நின்னு கேட்டா. "ஏங்க, செஸ்ல ஒருத்தர் யோசிக்கிறப்ப இன்னொருத்தர் என்ன செய்வார்?"

"கம்முனு உக்காந்திருக்கணும். அதான் விதி."

"எம்புட்டு நேரம் ஆனாலுமா?"

"ஆமா."

"நல்ல ஆட்டம்தாங்க"ன்னு டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. செஸ்ஸோட அருமை அவளுக்கே புரிஞ்சிருச்சுன்னு நான் சூசைராஜைப் பெருமையாப் பாத்தேன்.

திங்கக்கிழமை ஆபீஸ்லேருந்து வாரேன், கட்டில் காலி. செவ்வாக்கிழமை டிவி மேல காலி. புதன்கிழமை ஃபிரிட்ஜ் மேலயும் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குள்ள நடக்க எடம் கிடைச்சது.

"சேலையெல்லாம் எங்க புவனா?"

"போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சுங்க."

பாவம், யாவாரத்தையே ஏறக்கட்டிட்டா போலன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரே ஒரு பூட்டுக்கே இப்படியா! சூசைராஜ்கிட்டச் சொன்னேன். அவர் டீயைக் குடிச்சுக்கிட்டே, "அப்படியா"ன்னார். மூஞ்சியில ஒரு கோடு அசையணுமே!

வியாழக்கிழமை சாயங்காலம் புவனா முறத்துல சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருந்துச்சு.

"ஆமாடா சிவா, மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு. வந்துரு. இங்கேயே தங்கிக்க. கம்ப்யூட்டரையும் தூக்கிட்டு வந்துரு. மாமா என்ன சொல்லப் போறாரு? உன் மேல உசுரையே வச்சிருக்காரு."

போன வருசம் "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாமா"ன்னு வந்தவன், ஆடி போயி, ஆவணி போயி, புரட்டாசியில போனான். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, "அடி! கொளுத்து! ஒருத்தனையும் விடாத!"ன்னு கத்துவான். கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவர் வாசல்லயே உருட்டி விட்டுட்டு ஓடிட்டார். அப்புறம் சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனம்! சட்டியில கரண்டியை விட்டா அவனுக்கு அப்புறம்தான் எனக்கு.

"புவனா, நெசமாவா சொல்ற?"

"எது?"

"சிவா வாரது."

"பின்ன? ரூம்பைப் பூட்டியே வச்சா நல்லாவா இருக்கு?"

சூசைராஜ் சொன்னது ஞாபகம் வந்துச்சு. மூஞ்சியப் படிக்கணும். உத்துப் பாத்தேன். கண்ணுல தண்ணி கொட்டுது. மூக்கை உறிஞ்சுறா. தம்பி வாரான்னு பாசமா, என்னை ஏமாத்துறாளா, வெங்காயமா? சின்ன வெங்காயம் உரிக்கிற மூஞ்சியில என்னத்தப் படிக்கிறது!

வேற வழியில்ல. பெரிய நஷ்டத்தைத் தடுக்க ஒரு காயைக் குடுக்கிறது செஸ்ல உண்டு. பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் செய்வாங்க.

"புவனா, நான் யோசிச்சுப் பாத்தேன். அந்த ரூமுல நீ சேலைக்கடையே வச்சுக்க."

"வேணாங்க. உங்க மன்றம்?"

"மன்றம் எங்க போகுது? ஹால்ல நடத்திக்கிறேன். நீ வச்சுக்க புவனா, நான் மனசாரச் சொல்றேன்."

அவ ஒரு வெங்காயத்தை எடுத்து மெதுவா உரிச்சா. "ரூம் இருந்தா மட்டும் ஆச்சாங்க? மூட்டை யாரு எடுத்தாறது? சிவா இங்க இருந்தா ஞாயித்துக்கிழமையில அவன் எடுத்தாந்திருவான்."

"நான் எடுத்தாறேன்!"

"ஞாயித்துக்கிழமையா? செஸ்ஸு?"

"அது கிடக்குது. நான் போறேன். இந்த வாரமே போறேன்."

"ஒரு வாரம் போயிட்டு அடுத்த வாரம் இடுப்பு வலிம்பீங்க."

"எல்லா வாரமும் போறேன். சாமி சத்தியம்."

புவனா முந்தானையில கண்ணைத் தொடச்சா. போனை எடுத்து, "சிவா, நீ வர வேணாம்டா. மாமாவே பாத்துக்கிறாராம்"ன்னு சொல்லிட்டு வச்சா.

எனக்கு அம்புட்டுச் சந்தோசம். ஒரு ரூம்பைக் குடுத்து ஒரு மச்சினனைத் தடுத்திருக்கேன்! கையோட சாவியை அவுத்து, "வா, நானே தொறந்து குடுக்கிறேன்"ன்னு மாடிக்கு ஏறினேன். சனிக்கிழமைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அந்தப் படியில கால் வைக்கிறேன்.

பூட்டைத் தொறந்தேன். கதவைத் தள்ளுனேன்.

செவுத்துக்குச் செவுறு இரும்பு அலமாரி. கலர் வாரியா அடுக்கிச் சேலை. புது டியூப்லைட்டு. ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல மேசை மேல என் செஸ் போர்டு, அது மேல ஒரு மாம்பழக் கலர் சுங்குடி. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு மேல வச்சுப் போட்டோ எடுத்தா கலர் எடுப்பாத் தெரியுதாம். ஓரத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து சூசைராஜோட சம்சாரம் ரெண்டு சேலையைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. "வாங்கண்ணே"ன்னாங்க.

"ஏய், வெளிய பூட்டியில்ல இருந்துச்சு!"

"படிக்கட்டுப் பக்கம் பூட்டியிருந்துச்சு. இந்தப் பின்கதவு இருக்குல்லண்ணே, மொட்டைமாடிப் பக்கம், அது வழியாத்தான் சுத்தி வந்தேன். புவனாதான் முன்பக்கம் உள்ள போயி தாப்பாளை எடுத்து விட்டுட்டு, திரும்பவும் முன்பக்கத்தைப் பூட்டிட்டா."

"புவனா எப்படி உள்ள போனா?"

புவனா இடுப்புலேருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டுனா. என் சாவியும் அதுவும் அச்சா ஒண்ணு போல இருந்துச்சு.

"பூட்டுன்னா ரெண்டு சாவி இருக்கும்ங்க. ஒண்ணை நீங்க அரைஞாண்ல கட்டிக்கிட்டீங்க. இன்னொண்ணை அட்டைப்பெட்டியோட குப்பையில போட்டுட்டீங்க. வீணாப் போகுதேன்னு எடுத்து வச்சேன். அலமாரியெல்லாம் திங்கக்கிழமை சிவாதான் வந்து மாட்டிட்டுப் போனான்."

திண்டுக்கல்லுல பொறந்து, திண்டுக்கல்லுல வளந்து, பூட்டுக்கு ரெண்டு சாவின்னு ஒருத்தி எனக்குச் சொல்லித் தரா. ஸ்டூல்ல உக்காரலாம்னா அதுலயும் ஆளு இருக்கு.

"அப்ப திங்கக்கிழமையே ரூம் உன் கைக்கு வந்துருச்சு. பின்ன எதுக்கு சிவா வாரான், கம்ப்யூட்டர் வருதுன்னு அம்புட்டு நாடகம்?"

புவனா ஒரு சேலையை உதறி மடிச்சு அலமாரியில வச்சா.

"ரூம் வந்துருச்சுங்க. மூட்டை தூக்கத்தான் ஆளு கிடைக்காம இருந்துச்சு."