ஜிப் பாயின் வட்டம்

உலகத்தைத் திருத்தப் புறப்பட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குறடு, ஒரு கோணி ஊசி, ஒரு மெழுகுவத்தித் துண்டு, இவ்வளவை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் எங்கள் காஞ்சிபுரத்து ஜிப் பாய் ஒருவர்தான். பாதி உலகத்தைத் திருத்தியும்விட்டார் என்பது என் கட்சி. மீதிப் பாதியில் யாரோ ஒருவர் இன்னும் கையை ஆட்டாததால் வேலை நின்றுகொண்டிருக்கிறது.

கை ஆட்டும் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சினிமா தியேட்டர் இருந்து, இடிக்கப்பட்டு, வெறும் மனையாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் இருபத்துமூன்று பேர் பல வருடங்களாகக் கடை போட்டிருந்தார்கள். கீரை, அன்னாசிப் பழத் துண்டு, பிளாஸ்டிக் குடம், பூ. அந்த வரிசையின் கடைசியில், கிழிந்த குடைக்குக் கீழே, ஒரு மரப்பெட்டியின் மேல் ஜிப் பாய். எதிர் மாடியில் இருக்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய தொப்பி தெரியும்.

ஊரில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் எந்தப் பையும் அவர் கைக்கு வந்தால் மூடிக்கொள்ளும். ஜிப்பின் மேல் ஓடும் ரன்னரைக் கழற்றி, குறடால் ஒரு அழுத்து, பல்லின் மேல் மெழுகு ஒரு தேய்ப்பு, முடிந்தது. இப்படித்தான் ஒருநாள் சென்னையிலிருந்து வந்திருந்த சிறு வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒருவர் தன் பெட்டியை ரிப்பேருக்குக் கொடுத்தார். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் எளிய ஜனங்கள் எப்படிப் பிழைப்பது என்று பல நாட்டு விவசாயிகளும் மீனவர்களும் தெருவோர வியாபாரிகளும் காட்மாண்டுவில் கூடிப் பேசப்போகிறார்களாம். தலைவர் அதற்குப் போக இருந்தார். பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பெட்டி தயார், ஆள் தயாரில்லை. கடைசியில் அவருக்குப் பதிலாக, பெட்டியோடு ஜிப் பாயைச் சங்கத்தார் ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதுவரை பாய் வேலூரைத் தாண்டியதில்லை. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனால் உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்த போராளியானாலும் அவருடைய பையின் ஜிப் பாதி வழியில் பிய்ந்துதான் போயிருக்கும் என்ற உண்மை முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் நாள் அவர் முன்னால் வரிசை நின்றதாம். பிரேசில், கென்யா, பிலிப்பைன்ஸ். செனெகலிலிருந்து ஃபாத்து என்ற மீன்கார அம்மா வந்திருந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அந்த அம்மா சொல்ல, "வ அலைக்கும் ஸலாம்" என்று இவர் சொல்ல, மேற்கொண்டு பேச மொழி இல்லாமல் இருவரும் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு மலேசியாவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறாள்.

"சார், அவங்க ஊர் கரைக்குப் பெரிய கப்பலு வந்து மீனெல்லாம் வாரிக்கினு போவுதாம். இங்க நம்ம மனைக்குப் பெரிய கடை வரப்போவுதுன்னு பேசிக்கினு இருக்காங்க. ரெண்டும் ஒரே கம்பெனியா இருந்தாலும் இருக்கும்," என்றார் திரும்பி வந்ததும்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கம்பெனிகளைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். கம்பெனிகள் வேறுவேறு, கதை ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் பாயிடம் அவசரப்பட்டுச் சிரிப்பதில்லை.

காட்மாண்டுவிலிருந்து மற்றவர்கள் ருத்ராட்சமும் கம்பளியும் வாங்கி வந்தார்கள். பாய் வாங்கி வந்தது கூட்டம் நடத்தும் முறை. எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். தலைவர் கிடையாது. இதுவரை பேசாதவர்தான் முதலில் பேச வேண்டும். சம்மதம் என்றால் இரண்டு கையையும் தூக்கி, குழந்தைக்கு டாட்டா காட்டுவதுபோல் விரலை ஆட்ட வேண்டும். சம்மதமில்லை என்றால் மார்பின் குறுக்கே கையைக் கட்ட வேண்டும். ஒருவர் கட்டினாலும் முடிவு கிடையாது, பேச்சு மறுபடி முதலிலிருந்து.

"ஓட்டு எடுத்துட்டா சுலபமாச்சே பாய்?" என்று கேட்டேன்.

"ஓட்டு எடுத்தா பாதிப் பேரு தோத்துடுவாங்க சார். தோத்தவன் பக்கத்துல குந்திக்கினு நாள் பூரா எப்படி யாவாரம் பண்றது? பாவுல ஒரு இழை அறுந்தா தறிய நிறுத்தி, முடிஞ்சிட்டுத்தானே மேல ஓட்டறாங்க. இந்த ஊர்ல பொறந்துட்டு இத நான் சொல்லணுமா?"

வியாபாரிகள் வட்டம் வாரம் ஒருமுறை கூடியது. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஓரிக்கையிலிருந்து ஒருநாள் நாங்கள் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சுற்றிக்கொண்டு போகலாமா என்று டிரைவர் ஒரு பேச்சுக்குக் கேட்டார். பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுவரைக்கும் பேசாதவங்க சொல்லட்டும்பா." மடியில் கோழியோடு இருந்த ஓர் அம்மா தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். அதற்கு ஒரு கல்லூரி மாணவி திருத்தம் கொண்டுவந்தாள். ஏழு பேரும் கையை ஆட்டி முடிப்பதற்குள் ரயில் போய், கேட்டும் திறந்துவிட்டது. இதைத் தன் முறைக்குக் கிடைத்த வெற்றியாக பாய் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் மனைவி என்னைப் பார்த்தால் விடமாட்டார். "சார், நேபாளம் போயி வந்ததுலேர்ந்து எங்க வூட்டுல உப்பு வாங்கணும்னாலும் வட்டமா குந்தணும். போன வெள்ளிக்கெழம பிரியாணியா குஷ்காவான்னு ஆரம்பிச்சோம். மத்தியானம் ரசம்தான் ஆச்சு. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

நான் எங்கே சொல்வது? என்னையே அவர் வேலைக்கு வைத்துவிட்டிருந்தார். பல நாட்டு வியாபாரிகள் சேர்ந்த வாட்ஸாப் குழு ஒன்று அவர் போனில் இருந்தது. அதில் வரும் ஆங்கிலத்தை அவருக்குச் சொல்வதும், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் அனுப்புவதும் என் உணவு இடைவேளை உத்தியோகம். கென்யாவில் ஒரு சந்தையைக் காலி செய்ய வந்தார்கள் என்றால் இங்கே பாய்க்குச் சாப்பாடு இறங்காது. கானாவில் ஜெயித்துவிட்டார்கள் என்றால் வரிசை முழுவதற்கும் அன்னாசித் துண்டு. முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. போகப் போக அந்த மரப்பெட்டியைப் பார்த்தால் ஒரு பிரமிப்பு வர ஆரம்பித்தது. எங்கள் அலுவலகத்தில் நாலு டேபிள் தள்ளி உட்காருகிறவருக்கு உடம்பு சரியில்லாதது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

பேச்சாக இருந்த பெரிய கடை நிஜமாகவே வந்தது. வெளிநாட்டுப் பணம் போட்ட சூப்பர் மார்க்கெட். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டை கட்டிய இளம் மேனேஜர் ஒருவர், தோளில் லேப்டாப் பையும் கையில் ஒரு பட்டியலுமாக வந்து நின்றார். வரிசை வட்டமாக உட்கார்ந்திருந்தது. நான் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

"உங்க லீடர் யாருங்க?"

"அப்படி யாரும் இல்லீங்க. கிரேஸம்மா மொதல்ல பேசுவாங்க," என்றார் அன்னாசிக்காரர்.

கிரேஸ் முசரவாக்கத்திலிருந்து வந்து கீரை விற்கிறவர். பேசாதவர் என்பதால் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் பேசும் பொறுப்பு அவருக்குத்தான் வரும். "எனக்கு ஒண்ணும் இல்லபா" என்று சொல்லிவிட்டுக் கையை ஆட்டிவிடுவார். ஒரு வருடமாக அவர் பேசியது அவ்வளவுதான். அன்றைக்கும் அதையே சொன்னார்.

மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். பட்டியலில் இருப்பவர்களுக்குப் பக்கவாட்டுச் சுவரோரம் தகரக் கூரை போட்ட இடம், எழுத்து மூலமாக. இன்றைக்கே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நாளை மனையைச் சுற்றிச் சுவர் எழும்பும், ஒருவருக்கும் இடமில்லை. பெயர்களைப் படித்தார். இருபத்திரண்டு. பாய் இல்லை.

"இவர் எதுவும் விக்கலையே. ரிப்பேர்தானே பண்றார். எங்க லிஸ்ட் வியாபாரிங்களுக்கு மட்டும்."

முதலில் எழுந்தது பாயின் கைகள்தான். இரண்டையும் தூக்கி, விரல்களை எல்லாம் ஆட்டினார். "நல்ல விஷயம்பா. ஒத்துக்கங்க. எனக்கு பொட்டி எங்க வச்சாலும் வேல ஓடும்." அவர் சிரித்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பெட்டியை வைக்க ஊரில் வேறு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களின் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. போன கைகள் ஆடவில்லை, சும்மா நின்றன.

கிரேஸ் மார்பின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டார்.

"கிரேஸ்மா, கைய எடு. வூட்ல மூணு புள்ளைங்க இருக்குது," என்றார் பாய்.

"இழை அறுந்திருக்குது பாய். முடிஞ்சிட்டு ஓட்டலாம்."

பாய்க்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். முகமெல்லாம் சிவந்து, வட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார். "ஒரே ஒரு தடவ, இன்னிக்கு மட்டும், ஓட்டு எடுத்துக்கலாம்பா. யாருக்கு நெறையோ அதான் முடிவு."

பாய் ஓட்டுக் கேட்கிறார். ஒரு வருடமாக எங்களைக் கட்டிப் போட்டு வைத்த மனிதர், தன்னைத் தோற்கடித்துக்கொள்ள ஓட்டுக் கேட்கிறார். அன்னாசிக்காரர் கையை இறக்கிக் குறுக்கே கட்டினார். பூக்கார அம்மா கட்டினார். குடக்காரர் கட்டினார். இருபத்திரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். வட்டத்தில் நான் உறுப்பினர் இல்லை, எனக்குப் போக வர ஒன்றுமில்லை. ஆனாலும் குனிந்து பார்த்தபோது என் கைகளும் கட்டியிருந்தன.

மேனேஜர் ஒதுங்கிப் போய் சென்னைக்குப் போன் செய்தார். வெயில் ஏறியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்ட பாய், கை சும்மா இருக்கப் பழகாததால், மேனேஜர் கீழே வைத்துவிட்டுப் போன லேப்டாப் பையை இழுத்தார். அது வாயைத் திறந்துகொண்டிருந்தது. ரன்னரைக் கழற்றி, அழுத்தி, மெழுகு தேய்த்து மூடி வைத்தார். திரும்பி வந்த மேனேஜர் பையை ஒருமுறை திறந்து மூடினார். இன்னொரு முறை திறந்து மூடினார். பிறகு பட்டியலையும் பேனாவையும் எடுத்தார்.

"இன்னும் ஒரு ஆளுக்காக ஆறடி கூடப் போனாலும் போவட்டும்னுட்டாங்க. இவர் பேர் என்ன?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால் சொல்லும் நிலையில் பாய் இல்லை, தொப்பியைக் கழற்றி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். இருபத்துமூன்றாவது பெயர் "ஜிப் பாய்" என்றே எழுதப்பட்டது. இன்றும் அந்தக் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

எல்லோரும் கை கட்டி உட்கார்ந்திருந்த வட்டத்தை அன்று படமெடுத்து, பாயின் போன் வழியாகக் குழுவில் போட்டேன். மறுநாள் ஃபாத்து ஒரு படம் அனுப்பினார். கடற்கரையில் முப்பது மீன்கார அம்மாக்கள், கூடைகளுக்கு நடுவே, எல்லோரும் மார்பின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு. காஞ்சிபுரம் எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. கிரேஸ் அந்தப் போனை வாங்கி, ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார்.

சூப்பர் மார்க்கெட் திறந்து நன்றாகத்தான் ஓடுகிறது. பாய் அதற்காக மனம் தளரவில்லை. கூரத்திலிருந்து வந்து அங்கே பில் போடும் இரண்டு பெண்கள் இப்போது மதிய இடைவேளையில் வட்டத்தில் உட்காருகிறார்கள். நாள் பூரா நிற்க வைக்கிறார்களாம், நாற்காலி கேட்க வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. முடிவுக்கு வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும்.

என் பையின் ஜிப்புக்கு ஒரு குறையும் இல்லை, பாய் கை பட்ட ஜிப் லேசில் போகாது. ஆனாலும் வட்டம் கூடும் நாளில் மட்டும், மதியம் ஒரு மணி வாக்கில், அது எப்படியோ கெட்டுப்போய்விடுகிறது.