விலக்கில் இறங்கிய நாவல்

பிரியம் வைத்தே ஒரு மனிதனை அடியோடு நாசமாக்க முடியும் என்று காட்டியவர் உலகத்தில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ராஜபாளையம் மில் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. விலக்கு அண்ணாச்சி என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

பெரிய ரோட்டிலிருந்து கிராமத்துப் பாதை பிரிகிற இடத்துக்கு எங்கள் பக்கம் விலக்கு என்று பெயர். பஸ் ஊருக்குள் போகாது, ஆளை விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அண்ணாச்சிக்கு ஊர் கான்சாபுரம் பக்கம். வீட்டுக்கு எதை அனுப்புவதானாலும் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏற்றி, "விலக்குல எறக்கிருங்க, டீக்கடைல வாங்கி வச்சிக்கிருவாக" என்பார். மருந்து போனது, மிக்ஸி போனது, ஒரு கோடையில் மாமியாரும் போனார்.

"அண்ணாச்சி, அவியளுக்கு டிக்கெட்டா, லக்கேஜா?" என்று கண்டக்டர் கேட்டார்.

விலக்கில் இறக்கியது எதுவும் தொலைந்ததில்லை. மாமியார் உட்பட.

தொண்ணூறுகளின் நடுவில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சீனியர் என்பதால் பொறுப்பு அண்ணாச்சிக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும், தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓட வேண்டும். சனிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் டேப்பில் பேக்கப் எடுக்க வேண்டும். அதை மதுரையிலிருந்து ஒரு பையன் வந்து சொல்லிக் கொடுத்தான்.

"இது எக்ஸ்க்ளூட் லிஸ்ட் சார். எக்ஸ்க்ளூட்னா விலக்கு. இதுல போட்டீங்கன்னா அந்த ஃபைல் டேப்போட போகாது."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "அதான வேணும். நம்ம சாமான் வண்டியோட போயிறக் கூடாதுல்லா."

பையனுக்கு மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான் அப்போது மதிய இடைவேளைகளில் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் பிரதி கிடையாது. அதற்கு வாய்த்த ஒரே வாசகர் அண்ணாச்சி. மில்லில் நூல் நூற்கிற ஸ்டெல்லா என்ற கதாநாயகி மேல் அவருக்கு உயிர்.

"தம்பி, அந்தப் புள்ளைய மட்டும் கொன்னுறாதீக."

நான் கொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஹார்டு டிஸ்க் செத்தது. டேப் இருக்கிறதே என்று மேனேஜர் முதலில் தெம்பாகத்தான் இருந்தார். டேப்பிலிருந்து திரும்பி வந்தவை ஒரு பாம்பு விளையாட்டு, பழைய தீபாவளி வாழ்த்து, பிரிண்டரைச் சோதிக்கிற பக்கம். சம்பளக் கணக்கு இல்லை, ஸ்டாக் இல்லை, என் நாவல் இல்லை.

"எங்கய்யா மத்ததெல்லாம்?"

"முக்கியமானதெல்லாம் இதுல இருக்காது சார்" என்றார் அண்ணாச்சி நிதானமாக. "பத்திரமா விலக்குல எறக்கியாச்சு."

"எந்த விலக்குலய்யா?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தார், டீக்கடையைத் தேடுகிற மாதிரி. பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்த அறையில் யாருக்கும் கத்தக்கூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணாச்சியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சட்டையைப் பிடித்து உலுக்குகிற ஆத்திரத்தோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, உங்களுதத்தான் மொதல்ல போட்டேன். மில்லு கணக்கெல்லாம் அதுக்குப் பொறவுதான்."

பஸ் வந்தது. ஏறியவர் ஜன்னல் வழியாக, "திரும்ப எழுதுங்க, அந்தப் புள்ள எங்கயும் போயிருக்க மாட்டா" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். ஸ்டெல்லா வரவேயில்லை. அதோடு நாவல் ஆசையும் செத்துப்போனது. இப்படிப் பத்திரிகைக்குப் பத்தி எழுதிக் காலம் தள்ளுகிறேன்.

இப்போதும் அந்த விலக்கில் பஸ் நின்றால் தலையை நீட்டிப் பார்க்கிறேன். டீக்கடை இல்லை. அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் எழுத்தை அவ்வளவு பத்திரமாக வைக்க நினைத்த ஆள் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவேயில்லை.